ரயிலுக்கும் மலைக்கும் ஒரே பை: முதுகுப்பை தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் ரயில் ஏறி, சனிக்கிழமை மலை ஏறி, ஞாயிறு இரவு மறுபடி ரயில் பிடித்து, திங்கள் காலை அலுவலகத்தில் உட்காருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். இந்தப் பயணத்துக்கு இரண்டு பைகள் எடுத்துப் போக முடியாது. பெர்த்துக்கு அடியில் நுழைய வேண்டியதும், பேருந்து டிக்கியில் உருள வேண்டியதும், மறுநாள் ஆறேழு மணி நேரம் முதுகில் ஏறி மலைக்கு வர வேண்டியதும் ஒரே பைதான்.

நான் இதில் இரண்டு முறை தவறாக வாங்கினேன். முதலில், உத்தராகண்டில் இருக்கும் கேதர்காந்தா மலைக்குப் போகிறோம் என்ற ஆசையில் 65 லிட்டர் பை. கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் ஏற்பாட்டாளர்களே தந்துவிட்டார்கள், பையில் பாதி காலியாகவே கிடந்தது. அப்புறம் இரண்டு வருடம் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். இடம் இருக்கிறதே என்று தேவையில்லாததை எல்லாம் அடைத்தேன், ரயிலில் நடைபாதையில்தான் வைக்க முடிந்தது. அடுத்து அதற்கு நேர்மாறாக, பார்க்க அழகான 40 லிட்டர் பயணப் பை. லேப்டாப், துணி எல்லாம் பெட்டி மாதிரி அடுக்கலாம். ஆனால் வெள்ளியங்கிரியில் மூன்றாவது மலை தாண்டும் முன்பே இரண்டு தோளும் எரிய ஆரம்பித்தன. எடை முழுவதும் தோளில் தொங்கியது, இடுப்புப் பட்டை என்று இருந்தது வெறும் நாடா.

இந்த இரண்டு பைகளும் சேர்ந்து எனக்குக் கற்றுத் தந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தூக்கும்போது அது மலைப்பையாக இருக்க வேண்டும். திறக்கும்போது பெட்டியாக இருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இந்த இரண்டையும் ஒரே பையில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது பற்றித்தான்.

முதல் படி: பைக்கு முன்னால் பொருட்கள்

கடைக்குப் போகும் முன், உங்கள் வழக்கமான பயணத்துக்கு வேண்டியதைத் தரையில் பரப்புங்கள். மூன்று நாள் துணி, ஸ்வெட்டர், மழை ஜாக்கெட், துண்டு, மருந்துப் பொட்டலம், டார்ச், சார்ஜர், செருப்பு, கொஞ்சம் தின்பண்டம். இதையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் நெருக்கமாக அடுக்குங்கள். பொருட்கள் நிறைந்த உயரம் வரைக்கும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைத்துவிடும். 45, 30, 25 என்று வந்தால் ஏறக்குறைய 34 லிட்டர். தண்ணீர் பெரும்பாலும் பக்கப் பையில் போய்விடும். மேலே ஓர் ஐந்து லிட்டர் காலியிடம் விடுங்கள். மலையில் கழற்றிய ஸ்வெட்டரும் ஊரில் வாங்கிய பொருளும் அங்கேதான் போகும்.

இரவில் ஏறிக் காலையில் இறங்கும் மலைகளுக்கு மட்டும் என்றால் 20 லிட்டர் போதும். அதற்குப் பெரிய பை வாங்காதீர்கள். இரண்டு மூன்று நாள் ஊர், அதில் ஒரு நாள் மலை என்றால் 30 முதல் 35. ஒரு வாரம் சுற்றுகிறவர்களுக்கு 38 முதல் 42. கூடாரம், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு என்று எல்லாவற்றையும் நீங்களே சுமக்கிற ஆள் என்றால்தான் 50-க்கு மேல் போக வேண்டும். அப்படிப்பட்ட பயணம் வருடத்தில் ஒருமுறைதான் என்றால் அதற்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம்.

ஒரே ஒரு பைதான் வாங்கப் போகிறேன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 38, 40 லிட்டர். விமானம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்திய உள்நாட்டு விமானங்களில் எகானமி வகுப்பில் கையோடு கொண்டுபோகும் பைக்குப் பொதுவாக 7 கிலோதான் அனுமதி. அளவு 55 செ.மீ. உயரம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. தடிமனை ஒட்டி இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது மாறும் என்பதால் டிக்கெட்டில் ஒருமுறை பாருங்கள். 40 லிட்டர் பை முழுக்க உப்பாமல் இருந்தால் இந்த அளவுக்குள் அடங்கும். பையின் சொந்த எடையையும் மறக்காதீர்கள். பையே 1.8 கிலோ என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 5.2 கிலோதான். முதுகுப் பக்கம் விறைப்பான சட்டம் (ஃப்ரேம்) உள்ள நல்ல 40 லிட்டர் பை ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருந்தால் நல்லது.

இரண்டாம் படி: உங்கள் முதுகை அளங்கள்

இதைச் செய்யாமல் பை வாங்குவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதற்குச் சமம். ஆனாலும் பெரும்பாலோர் அப்படித்தான் வாங்குகிறார்கள். உங்கள் உயரம் இங்கே உதவாது. ஆறடி ஆளுக்குக் கால் நீளமாகவும் முதுகு குட்டையாகவும் இருக்கலாம்.

வீட்டில் ஒருவரை உதவிக்கு அழையுங்கள். தலையைக் குனிந்தால் கழுத்து முடியும் இடத்தில் ஓர் எலும்பு துருத்தும். அதுதான் மேல்புள்ளி. அடுத்து இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். கட்டைவிரல்கள் முதுகுப் பக்கம் நீண்டிருக்க வேண்டும். இரண்டு கட்டைவிரல்களையும் இணைக்கும் கோடு முதுகெலும்பை வெட்டும் இடம் கீழ்ப்புள்ளி. தையற்காரரின் இஞ்ச் டேப்பை முதுகு வளைவோடு ஒட்டிப் பிடித்து இந்த இரண்டுக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் பெரும்பாலோருக்கு 38 முதல் 53 செ.மீ.க்குள் வரும்.

நல்ல மலைப்பைகளில் இந்த முதுகளவு சிறியது, நடுத்தரம், பெரியது என்று குறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் தோள்பட்டையை மேலும் கீழும் நகர்த்தி அமைக்கலாம். வீட்டில் இரண்டு பேர் மாறி மாறித் தூக்கப் போகிறீர்கள் என்றால் அப்படி நகரும் வகைதான் வேண்டும். பெண்களுக்கென வரும் பைகளில் தோள்பட்டையின் வளைவும் இடுப்புப் பட்டையின் சாய்வும் வேறாக இருக்கும். நிறத்தை மட்டும் மாற்றிப் பெண்கள் பை என்று விற்பதும் உண்டு, எனவே போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதுகு குட்டையாக உள்ள ஆண்களுக்கும் அந்தப் பைகள் சில சமயம் கச்சிதமாகப் பொருந்தும்.

மூன்றாம் படி: சட்டமும் இடுப்புப் பட்டையும்

இந்தப் பகுதிக்கு அதிக நேரம் கொடுங்கள். பயணப் பையும் மலைப்பையும் பிரிகிற இடம் இதுதான்.

நம் உடலில் பெரிய சுமையை நெடுநேரம் தாங்கக் கூடியவை இடுப்பும் தொடையும். தோள் அப்படி இல்லை, தோள் சதை அழுந்தினால் கழுத்து வலிக்கும், கை மரத்துப்போகும். அமெரிக்காவில் டிக் கெல்டி 1952-இல் அலுமினியச் சட்டம் வைத்த முதுகுப்பைகளை விற்கத் தொடங்கினார். தோளில் இருந்த எடையை இடுப்புக்கு இறக்கிய பைகள் அவருடையவை. 1967-இல் கிரெக் லோ அந்தச் சட்டத்தைப் பைக்கு உள்ளேயே கொண்டுவந்தார். இன்று நாம் கடையில் பார்க்கும் மலைப்பை எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

எடை இடுப்புக்கு இறங்க இரண்டு வேண்டும். பையின் முதுகுப் பக்கத்தில் விறைப்பான சட்டம் ஒன்று. அது அலுமினியப் பட்டையாக, கம்பி வளையமாக, தடித்த பிளாஸ்டிக் தகடாக எதுவாகவும் இருக்கலாம். இன்னொன்று, அந்தச் சட்டத்தோடு இணைந்த, பஞ்சு வைத்த அகலமான இடுப்புப் பட்டை. சட்டம் இல்லாமல் பட்டை மட்டும் இருந்தால் பை நடுவில் மடங்கி, எடை மறுபடி தோளுக்கே வந்துவிடும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். காலிப் பையைத் தரையில் நிறுத்தி, மேல் கைப்பிடி இருக்கும் இடத்தில் உள்ளங்கையால் அழுத்துங்கள். முதுகுப் பக்கம் நிமிர்ந்து எதிர்த்தால் சட்டம் இருக்கிறது. துணி மூட்டை மாதிரி சரிந்தால் மலைக்கு வேண்டாம். அடுத்து இடுப்புப் பட்டையின் பஞ்சு பகுதி உங்கள் இடுப்பெலும்பைச் சுற்றி முன்பக்கம் வரைக்கும் வருகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டோடு நின்றுவிட்டால் எலும்பின் முனையில் நாடா அறுக்கும்.

முதுகுக் காற்றோட்டத்தைப் பற்றி எப்போதும் கேட்கிறார்கள். வலையை இழுத்துக் கட்டி, பைக்கும் முதுகுக்கும் நடுவே இடைவெளி விடும் அமைப்பு நம் வெயிலுக்கு இதமானதுதான். ஆனால் அந்த இடைவெளியால் எடை முதுகிலிருந்து விலகிப் பின்னால் இழுக்கும், சட்டம் வளைந்திருப்பதால் உள்ளே அடுக்கும் இடமும் கோணலாகும். பெட்டி மாதிரி துணி அடுக்க நினைப்பவர்களுக்கு நடுவில் காற்று போக வாய்க்கால் விட்ட பஞ்சு முதுகு போதும் என்பது என் கருத்து. எப்படியும் வியர்க்கத்தான் போகிறது.

நான்காம் படி: எப்படித் திறக்கிறது

பழைய மலைப்பைகள் மேலே வாய் வைத்துக் கயிற்றால் சுருக்கும் வகை. எளிமையானவை, ஜிப் அறுந்துபோகும் கவலை இல்லை. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு, மற்றவர்கள் தூங்கும் ரயில் பெட்டியில், அடியில் இருக்கும் போர்வைக்காக எல்லாவற்றையும் வெளியே எடுத்துப்போட வேண்டியிருக்கும். பயணத்துக்கு இது பெரிய தொந்தரவு.

பெட்டி மாதிரி மூன்று பக்கமும் ஜிப் சுற்றித் திறக்கும் பையில் எல்லாமே ஒரே பார்வையில் தெரியும், லாட்ஜில் திறந்தபடியே வைத்துப் பயன்படுத்தலாம். ஆபத்து ஜிப்பில்தான். அளவுக்கு மேல் அடைத்து இழுத்து மூடினால், ஒரு நாள் நடுவழியில் பிளந்துவிடும். எனவே இந்த வகையை வாங்கும்போது பக்கவாட்டில் இறுக்கும் வார்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், அவை ஜிப்பின் மேலாகக் குறுக்கே போக வேண்டும். பையை மூடியதும் அந்த வார்களை இறுக்கினால் இழுவை அவற்றுக்குப் போய்விடும், ஜிப் சும்மா இருக்கும். பாதி நிரம்பிய பையை ஒல்லியாக்கவும் இவையே உதவும்.

பை ஒல்லியாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்று பர்வதமலையில் தெரிந்துகொண்டேன். கடப்பாறைப் படியும் ஏணிப்படியும் ஏறும்போது, பை உங்கள் தோள் அகலத்தைத் தாண்டினாலோ வெளியே ஏதாவது தொங்கினாலோ கம்பியில் மாட்டும். நான் பையின் பக்கவாட்டில் செருகியிருந்த ஈரத் துண்டு கம்பியில் சுற்றிக்கொண்டு பின்னால் இழுத்தது. பின்னால் வந்தவர் விடுவித்தார். அதிலிருந்து மலையில் பைக்கு வெளியே தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறு எதையும் நான் தொங்கவிடுவதில்லை.

மேல்வாயும் இருந்து, முன்பக்கம் வளைந்த ஜிப்பும் இருக்கும் மலைப்பைகளும் வருகின்றன. வருடத்தில் மலைதான் அதிகம், ஊர் குறைவு என்பவர்களுக்கு அது நல்ல சமரசம்.

ஐந்தாம் படி: துணி, ஜிப், தையல்

பையின் விவரத்தில் 210, 420, 600 டீனியர் என்று எழுதியிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதே டீனியர். எண் கூடக் கூட நூல் தடிமன். ஆனால் நூல் எது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே டீனியரில் பாலியஸ்டரைவிட நைலான் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். அடிப்பகுதி 400 டீனியருக்கு மேல் நைலானாக இருந்தால் பாறையிலும் பிளாட்பாரத்திலும் கவலையில்லாமல் வைக்கலாம், உடல்பகுதிக்கு 210 போதும். சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும் ரிப்ஸ்டாப் துணியில் கிழிசல் விழுந்தால் பரவாமல் நிற்கும்.

ஜப்பானிய ஜிப் நிறுவனமான ஒய்.கே.கே-யின் (YKK) எழுத்து ஜிப் ரன்னரில் இருந்தால் நம்பலாம். பிரதான ஜிப் பல் தடிமனாக இருக்க வேண்டும், இரண்டு ரன்னர்கள் இருந்து அவற்றில் பூட்டு நுழையும் துளை இருந்தால் ரயிலில் நிம்மதி. மூலையில் வளையும் இடத்தில் ஒரு கையால் இழுத்துப் பாருங்கள். அங்கே சிக்கினால் நாளைக்கும் சிக்கும்.

தையலுக்குப் பையை உள்ளே திருப்பிப் பாருங்கள். துணி ஓரங்கள் நாடா வைத்து மூடப்பட்டிருக்க வேண்டும். தோள்பட்டை பையோடு சேரும் இடத்திலும் மேல் கைப்பிடியிலும் நெருக்கமாகக் குறுக்குத் தையல் போட்டிருக்க வேண்டும். பையின் முழு எடையும் தொங்குகிற இடங்கள் அவை. மேல் கைப்பிடி உறுதியாக இருந்தால் ரயில் சங்கிலியையும் அதில் கோத்துப் பூட்டலாம்.

ஆறாம் படி: மழை

மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கிறவர்களுக்கு இது தனிப் பாடம். வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லும் பெரும்பாலான பைகள் தூறலைத்தான் தாங்கும். துணிக்குப் பூச்சு இருந்தாலும் தையல் துளைகள் வழியாகத் தண்ணீர் புகும். ரெயின் கவர் உதவும், ஆனால் அது முதுகுப் பக்கத்தை மூடாது. ஒரு மணி நேரம் கனமழையில் நடந்தால் கழுத்தில் விழும் தண்ணீர் முதுகு வழியாக இறங்கிப் பையின் அந்தப் பக்கத்தை நனைத்துவிடும்.

எனவே உள்ளேயும் ஒரு உறை வேண்டும். வாயைச் சுருட்டி மூடும் ட்ரை பேக் ஒன்று வாங்கி, மாற்றுத்துணியையும் மின்சாதனங்களையும் அதற்குள் போடுங்கள். தடித்த பிளாஸ்டிக் உறையும் வேலை செய்யும், ஆனால் வனத்துறைச் சோதனைச் சாவடிகளில் பிளாஸ்டிக்கைப் பார்த்து எண்ணுகிறார்கள், சில இடங்களில் வாங்கியே வைத்துவிடுகிறார்கள். பல வருடம் உழைக்கும் ட்ரை பேக்தான் நல்லது. ரெயின் கவரைக் காற்று பிடுங்காமல் இருக்கக் கொக்கியோ வாரோ இருக்கிறதா என்றும் பாருங்கள். மழைக்காலக் காட்டில் பையைத் தரையில் வைத்தால் அட்டை ஏறும். பாறை மேலோ கிளையிலோ வையுங்கள்.

பைகளுக்குள் பைகள்

பக்கப் பையில் ஒரு லிட்டர் பாட்டில் முழுசாக இறங்கி, பையைக் கழற்றாமலே கைக்கு எட்ட வேண்டும். நீலகிரியில் தண்ணீர் பாட்டில் உட்பட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் ஸ்டீல் பாட்டில்தான் கொண்டுபோக வேண்டும், கடையில் போட்டுப் பார்க்கவும் அதையே எடுத்துச் செல்லுங்கள். இடுப்புப் பட்டையில் சின்னப் பை இருந்தால் கடலைமிட்டாயும் போனும் அங்கே. குழாய் வைத்து உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப்பையை வைக்க முதுகுப் பக்கம் விட்டிருக்கும் அறையில், ஊரில் இருக்கும்போது லேப்டாப்பைத் துண்டில் சுற்றி வைக்கலாம். மற்றபடி அறைகள் நிறைய இருப்பது நல்லதல்ல, எடையும் கூடும், எதை எங்கே வைத்தோம் என்ற தேடலும் கூடும்.

கடையில்: எடை போட்டு நடந்து பார்ப்பது

காலிப் பை எல்லோருக்கும் பொருந்தும். 8 கிலோ போட்டால்தான் உண்மை தெரியும். பெரிய கடைகளில் மணல் மூட்டை வைத்திருப்பார்கள், கேளுங்கள். இணையத்தில் வாங்கினால் பையில் தொங்கும் விலைச்சீட்டைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டு, 5 கிலோ அரிசிப் பையும் மூன்று தண்ணீர் பாட்டிலும் துணியில் சுற்றி உள்ளே போட்டு வீட்டிலேயே நடங்கள். திருப்பித் தரும் நாள் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

மாட்டும் வரிசை முக்கியம். எல்லா வார்களையும் தளர்த்துங்கள். பையை மாட்டி, முதலில் இடுப்புப் பட்டையைப் போடுங்கள். பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் விளிம்பில் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. அதை இறுக்கிய பிறகு தோள்பட்டைகள், தோளைத் தழுவும் அளவுக்கு மட்டும். அப்புறம் தோளுக்கு மேலே பையோடு இணையும் சின்ன வார்கள். அவற்றை இழுத்தால் பை முதுகோடு ஒட்டும். அவை ஏறக்குறைய 45 பாகை சாய்வில் நின்றால் முதுகளவு சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள். கடைசியாக மார்பு வார்.

இப்போது தோள்பட்டைக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். எளிதாக நுழைந்தால் எடை இடுப்பில் இருக்கிறது. இருபது நிமிடம் நடங்கள், மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். இறங்குவதைக் கவனியுங்கள். பை ஆடினால் இறக்கத்தில் அது உங்களை முன்னே தள்ளும், முழங்கால்தான் அதற்கு விலை கொடுக்கும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எந்த பிராண்ட்

பெயரைவிட மேலே சொன்ன சோதனைகளை நம்புங்கள். இருந்தாலும் எங்கே தொடங்குவது என்றால், பெட்டி போல் திறந்து சட்டமும் வைத்த வகைக்கு ஆஸ்ப்ரேயின் ஃபார்பாயிண்ட் 40 பலரும் ஒப்பிடப் பயன்படுத்தும் பை. பெண்களுக்கான அதன் இணை ஃபேர்வியூ. இதில் தோள்பட்டையையும் இடுப்புப் பட்டையையும் உள்ளே மடித்து ஜிப் போட்டு மூடிவிடலாம் என்பதால் டிக்கியிலோ விமானச் சரக்கிலோ வார்கள் மாட்டாது. ஜெர்மனியின் டாய்டர் 1898-இல் தொடங்கிய நிறுவனம், முதுகு அமைப்பில் பெயர்பெற்றது. டெக்கத்லானின் சொந்தத் தயாரிப்புகள் விலைக்கு நல்ல மதிப்பு, கடையிலேயே போட்டுப் பார்க்கவும் விடுகிறார்கள். பெங்களூரின் வைல்ட்கிராஃப்ட் சின்ன ஊர்களிலும் கிடைக்கும். வெளிநாட்டு பிராண்டுகள் பத்தாயிரத்தைத் தாண்டலாம், மற்றவை சில ஆயிரங்களில் முடியும். பணம் குறைவாக இருந்தால் துணியில் விட்டுக்கொடுங்கள், இடுப்புப் பட்டையில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வார்களை உள்ளே மடிக்க முடியாத பை என்றால், டிக்கியில் போடும் முன் இடுப்புப் பட்டையைப் பின்னோக்கித் திருப்பிப் பையின் முன்பக்கம் சுற்றி பக்கிளைப் போட்டுவிடுங்கள். பெரும்பாலான சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

வாங்கிய பிறகு

எடை மிகுந்தவற்றை முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வரும் உயரத்தில் வையுங்கள். அடியில் போர்வை, துணி. மேலே மழை ஜாக்கெட். மொத்தச் சுமை உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக நடக்கிறவர்களுக்கு அதைவிடக் குறைவாக இருப்பது நல்லது. விமானத்தில் பவர் பேங்க் கையோடு வரும் பையில்தான் இருக்க வேண்டும், கத்தியும் நடைக்கம்பும் அதில் இருக்கக் கூடாது. எனவே மலைக்குப் போகும் பயணத்தில் கம்பை அங்கேயே வாங்கிக்கொள்வது எளிது. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் கிடைக்கும் மூங்கில் தடி எனக்கு எந்தக் கம்புக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை.

மலையிலிருந்து வந்ததும் பையைக் காலி செய்து, வியர்வை பட்ட பட்டைகளை ஈரத்துணியால் துடையுங்கள். அழுக்கு அதிகம் என்றால் மென்மையான சோப்பில் கையால் அலசி நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷின் வேண்டாம்.

கடைசியாக, பரணில் போடாதீர்கள். பைத்துணியின் உள்பக்கம் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அந்தப் பூச்சு சிதைந்து பிசுபிசுவென்று ஒட்டும், பிறகு தோல் உரிவது மாதிரி உரிந்து துணியெல்லாம் அப்பும், ஒரு புளித்த வாடையும் வரும். என் 65 லிட்டர் பை அப்படித்தான் போனது. சென்னை வீட்டின் பரணில் இரண்டு கோடை பாலித்தீன் உறைக்குள் கட்டி வைத்திருந்தேன், திறந்தபோது உள்ளே கை வைக்க முடியவில்லை. இப்போது இருக்கும் பை படுக்கையறை ஆணியில், ஜிப்பைத் திறந்தபடி, காற்றுப் படும் இடத்தில் தொங்குகிறது.